கைக்குத் தெரியாத சமாதானம்

ஆறு வருஷம் ஒருத்தனோடு பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதுவும் ஒரே பேக்கரியில், ஒரே ஓவனில், ஒருவன் காலையிலும் மற்றவன் மதியத்திலும் ரொட்டி சுட்டுக்கொண்டு, ஒருவனுடைய தங்கையை மற்றவன் கட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்துகொண்டு பேசாமல் இருப்பதென்றால் அதற்குத் தனி வைராக்கியம் வேண்டும். நம் பட்டாசுக்கு அந்த வைராக்கியம் மூட்டை மூட்டையாக இருந்தது.

பட்டாசு என்பது பேக்கரியில் அவனுக்கு வைத்த பெயர். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மாவில் ஒரு துளி தண்ணீர் கூடிவிட்டால் போதும், கூரை அதிரக் கத்துவான். அடுத்த நிமிஷமே ஒன்றும் நடக்காத மாதிரி பேக்கிங் அக்காவிடம், "அக்கா, டீ சொல்லவா?" என்பான். அவன் தங்கையைக் கட்டிய மச்சானோ நேர் எதிர். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வான். அவனுக்கு ஐஸ்கட்டி என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னாலேயே இரண்டு பேரும் உயிர்ச் சிநேகிதர்கள்; தங்கையைக் கொடுத்ததே அந்தச் சிநேகிதத்தால்தான்.

சண்டை எதற்கு வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு சாவிக்கு. பழைய மேஸ்திரி வேலையை விட்டுப் போனபோது, ஸ்டோர் ரூம் சாவி தனக்குத்தான் வரும் என்று பட்டாசு ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். முதலாளியம்மா அதை மச்சான் கையில் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். 'போய்க் காதில் ஓதிவிட்டான், காலைப் பிடித்து வாங்கிவிட்டான்' என்று பட்டாசு முடிவு கட்டினான். காலை ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறக்கிறவனிடம் சாவி இருக்க வேண்டுமா, பன்னிரண்டு மணிக்கு ஆடி அசைந்து வருகிறவனிடம் இருக்க வேண்டுமா? இதை யோசிக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் அவனுக்கு ஆறு வருஷமாகக் கிடைக்கவில்லை.

அன்றைக்கு எல்லார் முன்னாலும் மச்சானைப் பார்த்துச் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னான். மச்சான் பதில் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் மதியம் பட்டாசு சுட்ட நானூறு ரொட்டியும் கரிக்கட்டை ஆயின.

ஓவனில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று இருந்தது. பேக்கரியில் அதை 'நாப்' என்பார்கள். பின்பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ. அதைத் தளர்த்திக் குமிழை மட்டும் இரண்டு கோடு நகர்த்தி மறுபடி இறுக்கிவிட்டால், குமிழ் காட்டுவது ஒன்று, உள்ளே இருக்கும் சூடு ஒன்று. குமிழில் இருநூற்றிருபது என்று வைத்தால் உள்ளே இருநூற்றெழுபது கொதிக்கும். மச்சான் செய்தது அதைத்தான். பட்டாசு கண்டுபிடித்துவிட்டான். முதலாளியம்மாவிடம் சொன்னானா? சொன்னால் தோற்ற மாதிரி ஆகிவிடாதா! வாயே திறக்காமல், அன்றிலிருந்து குமிழை நூற்றெழுபதில் வைத்தான். ரொட்டி பொன்னாக வந்தது.

வந்ததோடு விட்டானா? அவன் பங்குக்கு, ஏழு மணிக்குக் கிளம்பும்போது மாவுத் தராசின் அடியில் இருக்கும் திருகைச் சுற்றி, அரைக் கிலோ பொய் சொல்ல வைத்துவிட்டுப் போனான். முள் பத்து காட்டும்போது தட்டில் ஒன்பதரைதான் இருக்கும். மச்சானும் ஒரு நாள் கூழாகப் போன மாவைப் பார்த்துத் திகைத்தான். மறுநாளிலிருந்து பத்துக்கு மேல் அரைக் கிலோ அள்ளிப் போட்டுக்கொண்டான். அவனும் மூச்சு விடவில்லை.

இப்படியே ஆறு வருஷம். பட்டாசு வேலைக்கு வந்ததும் தராசைத் தன் வேலைக்காகச் சரி செய்வான், போகும்போது கெடுத்துவிட்டுப் போவான். மச்சானும் காலையில் குமிழைச் சரி செய்வான், மதியம் கெடுத்துவிட்டுப் போவான். சும்மா சொல்லக்கூடாது, கடிகாரம் தோற்றுவிடும், அத்தனை ஒழுங்கு. நடுவில் ஒரு தரம் மச்சான் காய்ச்சலில் படுத்தபோது வந்த மாற்று ஆள், இரண்டு நாள் மாவைக் கூழாக்கிவிட்டு, "இந்த இடத்துல ஏதோ இருக்குங்க" என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டார். ஏதோ இருந்தது என்னவோ உண்மைதான்.

இந்தக் கூத்தில் நசுங்கியது தங்கை. அண்ணன் வீட்டுக்குப் போனால் புருஷன் முகம் சுருங்கும். புருஷனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அண்ணன் போனை வைத்துவிடுவான். அவளுடைய மகளுக்கு நாலு வயசு. அந்தக் குழந்தைக்கு மாமா என்றால் யாரென்று தெரியாது. 'அந்த ஷிப்ட்டு' என்றால் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை தங்கை மூன்றாம் மாடிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போய் இரண்டு பேருக்கும் போன் போட்டுவிட்டாள். ஆம்புலன்ஸின் ஸ்ட்ரெச்சர் படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பவில்லை. ஒரு நாற்காலியில் அவளை உட்காரவைத்துக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. முன்னால் மச்சான், பின்னால் பட்டாசு.

"மெதுவா," என்றான் மச்சான். ஆறு வருஷத்தில் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"மெதுவாத்தான் வரேன். நீ இடது பக்கம் சாயாத."

"சுவர்ல இடிக்குது."

"அப்ப சாஞ்சுக்கோ."

மூன்று மாடி இறங்குவதற்குள் ஆறு வருஷத்துப் பேச்சுக்கு ஈடாகப் பேசிவிட்டார்கள். எல்லாம் படிக்கட்டைப் பற்றித்தான். நாற்காலியில் வலியில் துடித்துக்கொண்டிருந்தவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். மாவோடு மல்லாடுகிற இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டவளுக்குக் கடைசியில் மாவுக்கட்டு. இதை அவளே சொல்லிச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"இந்தக் கால் ஒட்டறதுக்கு ஆறு வாரம்னு டாக்டர் சொல்றார். உங்க ரெண்டு பேருக்கும் ஆறு வருஷம் பத்தலையா?"

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இப்பவே பேசுங்க. பேசினா நிக்கணும். மறுபடி முறிஞ்சுதுன்னா, நான் உங்க ரெண்டு பேர் மூஞ்சிலயும் முழிக்கமாட்டேன். பொண்ணக் கூட்டிட்டு எங்கயாவது போயிடுவேன். எனக்கு இனிமே தெம்பு இல்ல."

அவள் வெறும் மிரட்டலுக்குச் சொல்கிற ஆள் இல்லை. பட்டாசுதான் முதலில் கையை நீட்டினான். மச்சான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. குழந்தை வந்து, "இதான் அந்த ஷிப்ட்டா?" என்று கேட்டது. பட்டாசு அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எல்லாம் பேசினார்கள். குமிழைப் பற்றியும் தராசைப் பற்றியும் மட்டும் பேசவில்லை. அங்கேதான் கோட்டை விட்டார்கள். எப்படிப் பேசுவது, வெட்கமாக இருக்காதா? நாளைக்கு நம் பக்கத்தைச் சத்தம் போடாமல் சரி செய்துவிடுவோம், அவனுக்கே புரிந்துவிடும் என்று இவன் நினைத்தான். அவனும் அட்சரம் பிசகாமல் அதையேதான் நினைத்தான்.

திங்கட்கிழமை மதியம் ஷிப்ட் மாறும்போது மச்சான் வழக்கம்போலப் பின்கதவால் நழுவாமல் வாசலில் நின்றான். "வரேன் மச்சான். ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்றான். "சரி மச்சான். நான் ஏழு மணிக்கு மேல வரேன்னு சொல்லு," என்றான் பட்டாசு. பேக்கிங் அக்கா கையில் இருந்த கவரைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

பட்டாசு உள்ளே வந்ததும் முதல் வேலையாகத் தராசின் திருகைச் சரி செய்தான். இந்தத் தடவை ஒரேயடியாக, இனித் தொடப்போவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இறுக்கினான். காலையில் பிசைந்து அச்சுகளில் வைத்திருந்த மாவு நன்றாக உப்பி வர மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. ரேக்குகளை ஓவனுக்குள் தள்ளினான். குமிழை வைத்தான், நேரம் காட்டி அடிக்கிற மணியைத் திருகினான். பேக்கிங் மேஜைக்கு வந்து உட்கார்ந்து நடந்ததையெல்லாம் அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னான்.

அக்கா ஒரு மாதிரியாகச் சிரித்தாள். "நல்ல விஷயம்தான்டா தம்பி. ஆனா நான் ஒரு வாரம்தான் தருவேன்."

"ஏன்க்கா இப்படிச் சொல்ற?"

"மனுஷ ஜென்மம் அப்படி. பெரிய பெரிய தலைங்க எல்லாம் உலகமே பாக்க உக்காந்து கையெழுத்துப் போடறாங்க, கட்டிப்பிடிக்கறாங்க, போட்டோ எடுத்துக்கறாங்க. மை காயறதுக்குள்ள அடிச்சுக்கறாங்க. ரெண்டு ரொட்டிக்காரங்களா தாக்குப்பிடிக்கப் போறீங்க? உள்ள இருக்கற புத்தி எங்க போகும்?"

"நாங்க தாக்குப்பிடிப்போம். வேணும்னா பாரு."

"பாக்கத்தானே போறேன்."

மணி அடித்தது. அந்தப் பேக்கரியில் மணிதான் சட்டம். பட்டாசு பாட்டு முனகிக்கொண்டே போய்க் கதவைத் திறந்து, ரேக்குகள் அத்தனையையும் வெளியே இழுத்தான். பாட்டு நின்றது.

நானூறு ரொட்டியும் வெளுத்துக் கிடந்தன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக நடுவில் அமுங்கின. ஒன்றைப் பிட்டான். உள்ளே பச்சை மாவு விரலில் ஒட்டியது. ஒரு தரம் அமுங்கின ரொட்டியை மறுபடி உள்ளே வைத்துப் பிரயோஜனமில்லை, அது செங்கல்தான்.

"துரோகி!" என்று ஒரு கத்தல். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நாப்பத் திருப்பி வச்சுட்டுப் போயிருக்கான்! இத்தன நாளு கூட்டி வச்சான், இன்னைக்குக் குறைச்சு வச்சிருக்கான்! சிரிச்சுக்கிட்டே 'வரேன் மச்சான்'னு சொல்லிட்டுப் போனானே!"

அக்கா அமுங்கின ரொட்டிகளைப் பார்த்தாள். ஒரு வாரம்கூட அதிகம் என்று அவள் முகம் சொன்னது.

சத்தம் கேட்டு முதலாளியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டுப் பார்த்தார், மேஜைமேல் வைத்தார். இந்த ரொட்டி போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. ஏழு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும்.

"யாரு செஞ்சது?"

"அவன்தாம்மா, நாப்ப மாத்தி வச்சுட்டுப் போயிருக்கான். வேற யாரு?"

அவர் அங்கேயே நின்று மச்சானுக்குப் போன் போட்டார். "நாப்ல கை வச்சதுக்கு, இனிமே வரவேண்டாம். மீதிய உங்க மச்சானைக் கேளுங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் பட்டாசைப் பார்த்தார்.

"உங்க வாய நம்பி ஒருத்தர் வேலையில கை வச்சிருக்கேன். வாய்ப்பேச்சு பத்தாது. எனக்குக் கண்ணால பாக்கணும். நான் ஆஸ்பத்திரிக்குப் பேசிட்டுப் பத்து நிமிஷத்துல வரேன். நாப் தப்புன்னு எனக்குக் காட்டுங்க."

காட்டுவதில் என்ன கஷ்டம்? கருவிகள் வைக்கும் அலமாரியில் நீளமான முள் வைத்த வெப்பமானி ஒன்று இருந்தது. பட்டாசு அதை எடுத்துவந்து ஓவனுக்குள் நுழைத்தான். குமிழ் நூற்றெழுபதில் நின்றது. உள்ளே நூற்றிருபதோ நூற்றுமுப்பதோ இருக்கும், பார்த்துக்கொள் என்று கறுவிக்கொண்டு நின்றான். வெப்பமானி ஏறியது, ஏறியது, நின்றது. நூற்றெழுபது.

தட்டிப் பார்த்தான். இன்னொரு மூலையில் வைத்துப் பார்த்தான். நூற்றெழுபதுதான்.

குனிந்து குமிழுக்குப் பின்னால் பார்த்தான். ஸ்க்ரூவின் தலைமேல் சிவப்பாக ஒரு பொட்டு. தொட்டால் வழவழவென்று இருந்தது. நகப்பூச்சு. தங்கை போட்டுக்கொள்கிற அதே சிவப்பு. குமிழைச் சரியான இடத்தில் வைத்து இறுக்கி, இனி யாரும் அசைக்கக்கூடாது என்று மச்சான் அதன்மேல் பெண்டாட்டியின் நகப்பூச்சால் முத்திரை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பட்டாசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். குமிழ் உண்மையைத்தான் சொன்னது. நூற்றெழுபதில் வைத்தது யார்? அவன்தான். வைக்க வேண்டும் என்று நினைத்துக்கூட வைக்கவில்லை. மனசு சமாதானத்தில் மிதந்துகொண்டிருந்தபோது கை பாட்டுக்குப் போய், ஆறு வருஷமாக வைத்த இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறது. சமாதானம் ஆனது வாய்க்குத் தெரியும், மனசுக்குத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை.

'அட பாவி,' என்று தன்னையே சொல்லிக்கொண்டான். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும், மறைக்கக்கூடாது. அதே அலமாரியில் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தது. நகப்பூச்சைச் சுரண்டிவிட்டு, ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழை இரண்டு கோடு தள்ளி வைத்தால் முடிந்தது. அரை நிமிஷ வேலை. அம்மா வருவார், பார்ப்பார், நம்புவார். இவன் வேலை தப்பும், மானம் தப்பும். பட்டாசு எழுந்து போய் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தான். எடுத்தது நிஜம்.

ஸ்க்ரூ டிரைவரோடு குமிழ் முன்னால் நின்றான். தங்கை முகம் வந்தது. அதைவிடக் கொடுமையாக, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே படி இறங்கின மச்சானின் வேர்த்த முகம் வந்தது. 'அவன் வார்த்தையைக் காப்பாத்திட்டான்டா. முதல் நாளே காப்பாத்திட்டான். நீ அவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு நிக்கிற.' ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

முதலாளியம்மா வந்தார். "காட்டுங்க."

"நாப் சரியா இருக்கும்மா. நான்தான் நூத்தியெழுபதுல வச்சேன்."

"இருபது வருஷமா ரொட்டி சுடறீங்க. நூத்தியெழுபதுல எந்த ரொட்டி வேகும்?"

"வேகாது."

"அப்புறம் ஏன் வச்சீங்க?"

அங்கே மாட்டிக்கொண்டான். முழுக்கச் சொன்னால் மச்சானின் ஆறு வருஷமும் வெளியே வரும். "என் தப்பும்மா. அத மட்டும் எழுதிக்குங்க. அவன வேலைக்கு வரச் சொல்லுங்க, நான் போயிடறேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். ஆறு வருஷமா நான் தினமும் போகும்போது தராச அரைக் கிலோ கெடுத்து வச்சுட்டுப் போயிருக்கேன். அவனுக்குக் கஷ்டம் கொடுக்கணும்னு."

பேக்கிங் அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். முதலாளியம்மா தராசைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். "அப்ப அவரு என்ன செஞ்சாரு?"

"அத அவனத்தான்மா கேக்கணும்."

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. வாசல் கதவு படாரென்று திறந்தது. மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடியே வந்திருக்கிறான் போல, சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வாழ்க்கையில் கத்தியே அறியாத ஐஸ்கட்டி அன்றைக்குக் கத்தினான்.

"அம்மா! ஆறு வருஷம் நாப்பக் கெடுத்து வச்சேன், அப்பல்லாம் ஒரு நாளு ஒரு வார்த்தை கேக்கல! இன்னைக்கு ஒரு நாளுதான் சரியா வச்சுட்டுப் போனேன், இன்னைக்குப் பாத்து வேலைய விட்டுத் தூக்கறீங்களே!"

பேக்கிங் அக்காதான் முதலில் ஆரம்பித்தாள். பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை அடக்க முடியாமல் கவர்க் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று மச்சானுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டாசு அவன் முன்னால் போய் நின்றான்.

"தப்பு என்னுதுடா. நீ சரியாத்தான் வச்சிருந்த. நகப்பூச்சப் பாத்தேன். என் கைதான் பழைய ஞாபகத்துல நூத்தியெழுபதுக்குப் போயிடுச்சு. பாக்காமலே உன்னத் திட்டிட்டேன். மன்னிச்சுக்கோ."

மச்சான் வெளுத்த ரொட்டிகளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வந்தது, நின்றது, மெல்ல இறங்கியது. "நீ தராச சரி பண்ணிட்டியா?"

"மதியமே பண்ணிட்டேன்."

"ஐயையோ. அப்ப நாளைக்குக் காலைல நான் அரைக் கிலோ அள்ளிப் போட்டிருப்பேன். உன்னத்தான் திட்டியிருப்பேன்."

முதலாளியம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஆறு வருஷம் என் பேக்கரில ரெண்டு தப்பும் சேந்து ஒரு சரி நடந்திருக்கு. நீங்க நல்லவங்களா மாறின அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ரொட்டி இல்ல. நல்லா இருக்கு கதை." சிரிக்கிறாரா என்று இரண்டு பேரும் பார்த்தார்கள். சிரிக்கவில்லை. "இப்ப மணி மூணு. ஏழுக்கு வேன் போகணும். அதுல நல்ல ரொட்டி போச்சுன்னா ரெண்டு பேரும் இருங்க. போகலன்னா ரெண்டு பேரும் வரவேண்டாம். ஒருத்தர மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

மூன்று மணியிலிருந்து ஏழு மணிக்குள் நானூறு ரொட்டி என்பது பேயோட்டம். மச்சான் கை கழுவிக்கொண்டு ஏப்ரனைக் கட்டினான். ஆறு வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த அறையில் நின்றார்கள். இடமே போதவில்லை, முழங்கை முழங்கையில் இடித்தது.

மச்சான் மாவை நிறுத்தான். முள் பத்துக்கு வந்தது. அவன் கை தானாகத் தொட்டிக்குள் போய் இன்னும் அரைக் கிலோ அள்ளியது. பட்டாசு பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

"மச்சான், கை!"

மச்சான் குனிந்து தன் கையில் இருந்த மாவைப் பார்த்தான். யாரோ வைத்துவிட்டுப் போன மாவைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "நான் அள்ளவே இல்லடா," என்றான் பயந்துபோய்.

"தெரியும். நானும் வைக்கவே இல்ல."

நாலு மணிக்குள் அது இன்னும் இரண்டு தரம் நடந்தது. அப்புறம் ஈஸ்ட் எவ்வளவு என்பதில் தகராறு. அவசரத்துக்குக் கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்றான் பட்டாசு. கூட்டினால் புளிக்கும் என்றான் மச்சான். "எல்லாம் உனக்குத்தான் தெரியும், அதான் சாவிய உன்கிட்டக் குடுத்தாங்க!" என்று பட்டாசு வாயிலிருந்து வந்துவிட்டது. அக்கா தலையை நிமிர்த்தினாள்.

மச்சான் வாயை மூடிக்கொண்டான். அந்த மூடின வாயைப் பட்டாசுக்குத் தெரியும். அதற்குப் பின்னால்தான் குமிழ் திரும்பும். பயமாக இருந்தது அவனுக்கு. "பேசுடா," என்றான். "திட்டு. எதுவா இருந்தாலும் வாயால சொல்லிடு, மச்சான். உள்ள வச்சுக்காத."

மச்சான் கையிலிருந்த மாவை உதறினான். "நான் சாவி கேக்கல," என்றான். "காலைல கதவ யாரு திறக்கறதுன்னு கேட்டாங்க. நான்தானேன்னேன். குடுத்துட்டாங்க. இத ஆறு வருஷமா சொல்லணும்னு இருந்தேன். நீ அந்த வார்த்தை சொன்னதுக்கு அப்புறம் சொல்லத் தோணல."

"சொல்லியிருக்கக்கூடாதுதான் அத."

"சொல்லியிருக்கக்கூடாது."

"ஈஸ்ட் நீ சொன்ன அளவே போடு."

"இல்ல, இன்னைக்கு நேரம் இல்ல. கொஞ்சம் கூட்டித்தான் போடணும். நீ சொன்னதுதான் சரி."

ரேக்குகள் உள்ளே போனபோது மணி ஆறு. பட்டாசு குமிழில் கை வைத்தான். மச்சான் அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "இருநூத்தியிருபது," என்றான், குழந்தைக்குப் பாடம் சொல்கிற மாதிரி. "இருநூத்தியிருபது," என்று இவனும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வைத்தான். கை நூற்றெழுபதைத் தாண்டும்போது ஒரு கணம் தயங்கியது. அதைத் தாண்டித் தள்ள வேண்டியிருந்தது.

"இது ஒரு நாள்ல போகாது," என்றான் மச்சான். "தனித்தனியா விட்டா ரெண்டு கையும் பழைய இடத்துக்கே போகும். நீ அரை மணி முன்னால வா. நான் அரை மணி கழிச்சுப் போறேன். நீ என் கையப் பாரு, நான் உன் கையப் பாக்கறேன்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியலடா. நான் என்ன இதுக்கு முன்னால திருந்தியா பழக்கம்?"

ஆறே முக்காலுக்கு மணி அடித்தது. ரொட்டி பொன்னாக வந்தது. முதலாளியம்மா ஒன்றைப் பிட்டு, முகர்ந்து, பாதியைப் பேக்கிங் அக்கா கையில் கொடுத்தார். "நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறினார். அக்கா மென்றுகொண்டே, "சரி, ரெண்டு வாரம் தரேன்," என்றாள்.

வேன் கிளம்பிப் போன கையோடு மச்சானின் போன் அடித்தது. தங்கை. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னாச்சு? அம்மா போன் பண்ணினதும் செருப்புகூடச் சரியா மாட்டாம ஓடினீங்க. முறிஞ்சுதா?"

மச்சான் நடந்ததை மறைக்காமல் சொன்னான். குமிழ், தராசு, ஆறு வருஷம், எல்லாம். நடுநடுவே பட்டாசு, "ஸ்க்ரூ டிரைவரக் கையில எடுத்தேன், அதையும் சொல்லு," என்றான். தங்கை கடைசிவரை கேட்டுவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா."

"சொல்லும்மா."

"இது நிக்குமா? நெஜத்தச் சொல்லு."

வேறொரு நாளாக இருந்தால் பட்டாசு மார்தட்டி, உயிர் உள்ள வரைக்கும் என்று முழங்கியிருப்பான். இப்போது தன் கையைப் பார்த்தான். விரல் இடுக்கில் மாவு காய்ந்திருந்தது.

"தெரியலம்மா. நாளைக்கு நான் பதினொண்ணரைக்கே வந்துடுவேன். இவன் பன்னெண்டரை வரைக்கும் இருப்பான்."

"நாளன்னைக்கு?"

"நாளன்னைக்கும் பதினொண்ணரைக்கே வரேன்."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நீ சத்தியம் கித்தியம் பண்ணியிருந்தா நம்பியிருக்கமாட்டேன்ணா," என்றாள்.